ஆபரேஷனுக்குப் பின் அடைக்கும் சிறுநீர்: முன்கூட்டியே மாத்திரை உண்டா?

ஆம்பூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘‘அப்பாவுக்கு 67 வயது. தோல் தொழிற்சாலையில் 20 வருடம் ஈரத்தோல் சுமந்தவர். இப்போது ஒன்றரை ஏக்கர் தென்னையைப் பார்க்கிறார். போன வருடம் வலதுபக்கக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். அன்று இரவு சிறுநீர் வரவே இல்லை. டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். இப்போது இடதுபக்கமும் இறங்கிவிட்டது. டியூபுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்கிறார். முன்கூட்டியே மாத்திரை உண்டா?’’

உண்டு. ஆனால், எல்லோருக்கும் கைகொடுக்கும் என்று சொல்வதற்கில்லை.

முதுகில் மயக்க ஊசி போட்டால் கால் மட்டுமல்ல, சிறுநீர்ப்பையும் சில மணி நேரம் மரத்துப்போகும். பை நிறைந்ததே தெரியாது. வயதான ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பி பெருத்து, வழியை ஏற்கெனவே நெருக்கியிருக்கும். வலியும் பதற்றமும் சேர்ந்தால் பையின் வாய் இன்னும் இறுகும். ஏரி நிரம்பியும் மதகு திறக்காத கதைதான். அப்படியே பல மணி நேரம் விரிந்து கிடந்தால் பையின் தசை தளர்ந்துவிடும்.

டாம்சுலோசின் என்ற மாத்திரை அந்த வாயை இளக்குகிறது. புராஸ்டேட் தொந்தரவுக்கு வழக்கமாகக் கொடுப்பதுதான். ஆபரேஷனுக்கு முன்பே இதைத் தொடங்கிய ஆய்வுகளில் சிலவற்றில் அடைப்பு குறைந்தது. சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ஒருமுறை அடைத்தவர், இரவில் நாலைந்து தடவை எழுபவர் என்றால் டாக்டர் யோசித்துக் கொடுப்பார். அதனால் போன வருட டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் கொண்டுபோக வேண்டும்.

மெடிக்கலில் தானாக வாங்கிப் போடக்கூடாது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ வைக்கும், பி.பி. மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் கவனம் தேவை. கண்புரை ஆபரேஷன் செய்துகொள்ளப்போகிறவர், மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருந்தாலும் கண் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சில சளி மாத்திரைகள் அடைப்பை அதிகமாக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மாத்திரையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: முதுகு ஊசிக்குப் பதில், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்ய முடியுமா? முடிந்தால் அடைப்பு வெகுவாகக் குறையும். தியேட்டருக்குப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். ஆபரேஷன் முடிந்து ஆறு மணி நேரமாகியும் வரவில்லை என்றால் வெட்கப்படாமல் நர்ஸிடம் சொல்ல வேண்டும். டியூப் போட்டாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் சிறுநீரியலுக்குத் தனிப்பிரிவே இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். எங்கே காட்டினாலும் தள்ளிப்போட வேண்டாம். இறங்கிய குடல் உள்ளே போகாமல் கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.