சம இரவுன்னா சமநிலை இல்லை

போன செப்டம்பர்ல நண்பர் ஒருத்தர்கிட்ட வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். "இந்த வாரக் கடைசியில என்ன திட்டம்?"னு கேட்டார். சும்மா "வீட்லதான்"னு சொல்லியிருக்கலாம். "பேகன்காரங்க இலையுதிர்கால சம இரவு நாள் கொண்டாடுறாங்க, வருஷா வருஷம் போறது வழக்கம்"னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். "மேபன் தானே? அது ஒரு அமெரிக்கக்காரர் எழுபதுகள்ல உக்காந்து யோசிச்சு வச்ச பேரு. பொய்ப் பண்டிகை. அதுக்கு நீ தேங்கா பழத்தோட கிளம்புறியாக்கும்?"னு ஒரு பிடி பிடிச்சார்.

அவர் சொன்னதுல பாதி உண்மை. மீதிப் பாதியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல பேகன்னா யாரு? மயிலுக்குப் போர்வை குடுத்த நம்ம வள்ளல் பேகன் இல்லீங்க :-) கிறிஸ்தவம் வர்றதுக்கு முந்தின ஐரோப்பிய வழிபாடுகளை, இன்னிக்கு ஏதோ ஒரு வடிவத்துல திரும்ப வாழ்ந்து பார்க்கணும்னு நினைக்கிறவங்க. விக்கா, ட்ரூயிட்னு பல பிரிவு இருக்கு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டும் சேர்த்து 74,000 பேர் மதம்ங்கிற இடத்துல பேகன்னு எழுதியிருந்தாங்க. இவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வருஷத்துக்கு எட்டு பண்டிகை. 'வருடச் சக்கரம்'னு பேரு. சூரியன் திசை திரும்புற நாள் ரெண்டு, பகலும் இரவும் சமமா வர்ற நாள் ரெண்டு, நடுவுல நாலு. செப்டம்பர் 22 இல்லாட்டி 23-ல வர்றதுதான் நான் சொல்ற பண்டிகை. ஆகஸ்ட் தொடக்கத்துல தானிய அறுவடை, அக்டோபர் கடைசியில கால்நடைக் கணக்கு, ரெண்டுக்கும் நடுவுல இது. பழம், காய், கிழங்கு எல்லாம் வீடு வந்து சேர்ற நேரம்.

இப்ப நண்பரோட குற்றச்சாட்டுக்கு வருவோம். எட்டு பண்டிகையையும் ஒரே சக்கரமாக் கோத்தது 1950-கள்ல. பிரிட்டன்ல பழைய சூனியச் சட்டம் 1951-ல நீக்கப்பட்டதும் ஜெரால்ட் கார்ட்னர் விக்காவை வெளிப்படையா எழுத ஆரம்பிச்சார். அவரும், பின்னால 1964-ல ஒரு ட்ரூயிட் அமைப்பைத் தொடங்கின ராஸ் நிக்கல்ஸும்தான் இந்த எட்டுக் கணக்கு பரவுறதுக்கு முக்கியக் காரணம். பழைய காலத்துல எட்டையும் ஒரே இனம் சேர்த்துக் கொண்டாடினதுக்கு ஆதாரம் இல்லைன்னு, பேகன்கள் மேல ரொம்ப அனுதாபம் உள்ள வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டனே எழுதியிருக்கார்.

மேபன்ங்கிற பேரு அதைவிடப் புதுசு. ஏய்டன் கெல்லின்னு ஒரு அமெரிக்கர் 1970-கள்ல பேகன் நாட்காட்டி ஒண்ணு போடுறார். மத்த பண்டிகைக்கெல்லாம் அழகான பேரு இருக்கு, இதுக்கு மட்டும் 'இலையுதிர்கால சம இரவு'ன்னு வானியல் பாடப் புத்தகம் மாதிரி இருக்கேன்னு அவருக்கு உறுத்தல். கிரேக்கத்துல பெர்செஃபனி பூமிக்கடியில போன கதை மாதிரி ஒண்ணு வேணும்னு தேடி, ஒரு வெல்ஷ் கதையில இருந்து மாபோனைப் பிடிச்சுட்டு வந்துட்டார்.

அந்தக் கதை எனக்கு ரொம்ப நெருக்கம். மாபோன் பிறந்து மூணாம் ராத்திரியே தாய்கிட்ட இருந்து திருட்டுப் போன பிள்ளை. தாய் பேரு மோத்ரன், அந்தப் பேருக்கே 'தாய்'னுதான் அர்த்தம். ஆர்தரோட ஆளுங்க அவனைத் தேடிப் போய், கறுப்புக் குருவி, கலைமான், ஆந்தை, கழுகுன்னு ஒவ்வொரு கிழட்டு ஜீவனா விசாரிப்பாங்க. கடைசியில எல்லாத்தையும் விட வயசான சால்மன் மீன் ஒண்ணு, "ஆத்துல ஏறி வரும்போது ஒரு கோட்டைச் சுவருக்குப் பின்னால அழுகுரல் கேட்டேன்"னு சொல்லி, ரெண்டு பேரைத் தோள்ல ஏத்திக் கூட்டிட்டுப் போகும். அந்தச் சுவர் இருக்கிற ஊரு குளோஸ்டர். நான் குப்பை கொட்டிட்டு இருக்கிறதும் இதே ஊர்லதான்!

ஆனா பாருங்க, அந்தக் கதையில சம இரவு நாள் எங்கயும் வரலை. அறுவடையும் வரலை. வெல்ஷ்காரங்க சில பேருக்கு இதுல வருத்தம் உண்டு. நியாயமான வருத்தம்தான். ஒருத்தர் வீட்டுப் பிள்ளையோட பேரை எடுத்து நம்ம பண்டிகைக்கு வச்சா, அந்தப் பிள்ளையோட கதையையாவது முழுசாச் சொல்லணும் இல்லையா? பல இடத்துல அதுகூட நடக்கிறதில்லை.

அப்ப எல்லாமே புதுசா? அப்படியும் இல்லை. அயர்லாந்துல மீத் மாவட்டத்துல லாக்ரூன்னு ஒரு குன்று. அங்க சுமார் 5,000 வருஷத்துக் கல்லறை மேடு ஒண்ணு இருக்கு. சம இரவை ஒட்டின காலைகள்ல சூரிய வெளிச்சம் நேரா உள்ள போய் பின்பக்கக் கல்லுல செதுக்கின சூரியன் மாதிரி வடிவங்கள் மேல விழும். கட்டினவங்களுக்கு இந்த நாள் தெரியும். என்ன நினைச்சுக் கட்டினாங்கன்னு அவங்க எழுதி வைக்கலை. 725-ல பீட்ங்கிற துறவி, பழைய ஆங்கிலேயர்கள் செப்டம்பரைப் 'புனித மாதம்'னு கூப்பிட்டதா எழுதியிருக்கார். என்ன சடங்குன்னு அவரும் விளக்கலை. கிரேக்கத்துல ஏதென்ஸ்ல இருந்து எலூசிஸ் வரைக்கும் 20 கிலோமீட்டர் போல ஊர்வலமா நடந்து போய், டிமீட்டர் தாய்க்கு ரகசியச் சடங்கு செய்வாங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல நடந்தது. அது சந்திரக் கணக்கு, அதனால சரியா சம இரவு அன்னிக்குன்னு சொல்ல முடியாது, ஆனா அதே பருவம்தான். அங்க உச்சகட்டமாக் காட்டினது அறுத்த ஒரு தானியக் கதிர், அதுவும் பேச்சு மூச்சு இல்லாத அமைதியிலன்னு மூணாம் நூற்றாண்டு கிறிஸ்தவர் ஹிப்போலிடஸ் எழுதி வச்சிருக்கார். ஒரே ஒரு கதிர்!

ஆக, நாள் பழசு, அந்த நாள் மேல மனுஷனுக்கு இருக்கிற மரியாதை பழசு, பேரும் சடங்கும் புதுசு. இதுல பொய் எங்க இருக்கு? 'எங்க பாட்டி பாட்டி காலத்துல இருந்து மாறாம வர்றது'ன்னு சொன்னா பொய். 'நாங்க புதுசா ஆரம்பிச்சோம்'னு சொன்னா பொய் இல்லை. நான் பார்த்த பேகன்கள் பெரும்பாலும் ரெண்டாவது ரகம்.

எங்க ஊரு தென்காசிப் பக்கம். குற்றாலத்துல ஐப்பசி விசுத் திருவிழா நடக்கும். விசுன்னா சம இரவுன்னுதான் அர்த்தம். ஆனா ஐப்பசி மாசம் பிறக்கிறது அக்டோபர் நடுவுல. வானத்துல சம இரவு முடிஞ்சு 24 நாள் போல ஆகியிருக்கும். நம்ம பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வச்சுக் கணக்குப் போடுறதால நூற்றாண்டு நூற்றாண்டா நகர்ந்து போச்சு. அதுக்காக அருவியில குளிச்சுட்டு சாமி கும்பிடுறவர்கிட்டப் போய் "உங்க திருவிழா பொய்யி"ன்னு யாராவது சொல்வோமா? நமக்கு ஒரு தராசு, அவங்களுக்கு ஒரு தராசா?

எனக்கு மேபன்ல உறுத்துறது வேற விஷயம். இந்தச் சமயத்துல எங்க திரும்பினாலும் 'சமநிலை', 'சமநிலை'ன்னு ஒரே ஜபம். வேலையும் வாழ்க்கையும் சமநிலை, உள்ளமும் உடலும் சமநிலை, கூடவே ஒரு மெழுகுவர்த்தி விளம்பரம். பேகன் புத்தகங்கள்லயும் இது நிறைய இருக்கு. கேக்க இதமாத்தான் இருக்கும். ஆனா வெளியில போய் வானத்தைப் பார்த்தா கதை வேற.

முதல்ல, அன்னிக்குப் பகலும் இரவும் அச்சு அசலா சமம்கூட இல்லை. காத்து மண்டலம் வெளிச்சத்தை வளைக்கிறதாலயும், சூரியனோட மேல் விளிம்பை வச்சுக் கணக்குப் பண்றதாலயும், லண்டன்ல பகல் 12 மணி 10 நிமிஷம் போல இருக்கும். நிஜமான சமம் சில நாள் கழிச்சுத்தான் வரும். அதைவிட முக்கியமான ஒண்ணு: வருஷத்துலயே பகல் வேகமாக் குறையுறது இந்த நாட்கள்லதான். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 4 நிமிஷம். ஒரு வாரத்துல அரை மணி நேரம் போயிடும். டிசம்பர் கடைசியில பாருங்க, நாளுக்கு நாள் வித்தியாசம் சில நொடிதான். நின்னு நிதானமா இருக்கிறது அந்த நாள்தான். சம இரவு நாள் ஓட்டமா ஓடுற நாள்.

நம்ம ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு இது லேசுல புரியாது. சென்னையில பெரிய பகலுக்கும் சின்னப் பகலுக்கும் வித்தியாசம் ஒண்ணரை மணி நேரம்தான். இங்க ஜூன்ல பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பர்ல எட்டு மணி நேரம்கூடத் தேறாது. செப்டம்பர்ல ஒரு சாயங்காலம் "அட, அதுக்குள்ள இருட்டிடுச்சா"ன்னு நெஞ்சுல ஒரு சின்ன இடி விழும் பாருங்க, அதுல இருந்து பிறந்த பண்டிகைதான் இது. 'சமமா இரு'ன்னு அது சொல்லலை. 'இருட்டு வருது, கையில என்ன இருக்குன்னு எண்ணிப் பாரு, தூக்கிட்டுப் போக முடியாததைக் கீழ வை'ன்னு சொல்லுது. ஆஸ்திரேலியப் பேகன்கள் இதே பண்டிகையை மார்ச்ல வைக்கிறாங்க, அங்க அப்பத்தான் இருட்டு கூடுது.

இதை எனக்குப் புரிய வச்சது புத்தகம் இல்லை. எனக்கு நகராட்சி வாடகைக்கு விடுற தோட்டத் துண்டு ஒண்ணு இருக்கு. அலாட்மெண்ட்னு சொல்வாங்க. பக்கத்துத் துண்டு ஒரு பாட்டியம்மாவோடது, எழுபது தாண்டினவங்க, ட்ரூயிட் பிரிவு. மூணு வருஷம் முன்னாடி எனக்குத் தக்காளி முழுக்கக் கருகல் நோய் வந்து போச்சு. ஒரு காய் மிஞ்சலை. மனசு விட்டுப்போய் நின்னப்ப, "சாயங்காலம் நாலு பேர் கூடுறோம், வா"ன்னாங்க. "எங்கிட்ட கொண்டு வர ஒண்ணும் இல்லையே"ன்னேன். "பீன்ஸ் இருக்கே"ன்னாங்க. வேலியோரமா முத்திப்போய் காஞ்சு தொங்கினதை நான் கணக்குலயே சேர்க்கலை.

சடங்குன்னு பெருசா இல்லை. ஒரு ரொட்டி, ஆப்பிள், ஒரு மெழுகுவர்த்தி. ஒவ்வொருத்தரும் விளைஞ்சதுல ஒண்ணை நடுவுல வச்சு நன்றி சொல்லணும். அப்புறம் ஒரு காஞ்ச பீன்ஸ் நெத்தை எடுத்து, விதையைப் பிரிச்சுப் பையில போட்டுக்கணும். அது அடுத்த வருஷத்துக்கு. கையில மிஞ்சின தோலுல, இந்த வருஷம் எதை விடப் போறோம்னு மனசுக்குள்ள சொல்லி, குப்பைக் குழியில போடணும். "நெருப்புல போட மாட்டீங்களா?"னு கேட்டேன். "எதுக்கு? மட்கினா உரமாகும்"னாங்க.

நான் என்னத்தைப் போட்டேன்? ஊர் வீட்டுப் பாகப்பிரிவினையில எனக்கும் அண்ணனுக்கும் நாலு வருஷமாப் பேச்சு இல்லை. யார் பக்கம் நியாயம்னு தினமும் ராத்திரி படுக்கையில எனக்குள்ள ஒரு வழக்கு நடக்கும். தீர்ப்பு எப்பவும் எனக்குச் சாதகமாத்தான் வரும். அந்த வழக்கைப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் போன் அடிச்சேன். அங்க ராத்திரி பதினொண்ணு இருக்கும். பயந்து போய் எடுத்தவர், "என்னடே, இந்நேரத்துல?"ன்னார். அஞ்சு நிமிஷம் மழையைப் பத்திப் பேசினோம். வீட்டைப் பத்தி ரெண்டு பேரும் வாயத் திறக்கலை.

பாகப் பிரச்சினை இன்னும் தீரலை. யாரும் விட்டுக் குடுக்கலை. ஆனா இப்ப மாசத்துக்கு ரெண்டு தடவை பேசிக்கிறோம்.

அந்தப் பேரு ஒரு அமெரிக்கர் வச்சதா, அந்தச் சக்கரம் 1950-கள்ல கோத்ததான்னு அன்னிக்குக் குப்பைக் குழி பக்கத்துல எனக்குத் தோணவே இல்லை. வரலாறு தெரிஞ்சுக்கணும், பொய் சொல்லக் கூடாது, சரி. ஆனா ஒரு பண்டிகை உண்மையா இல்லையான்னு, அது எப்பப் பிறந்ததுங்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாதுன்னுதான் எனக்குப் படுது.

பி.கு: பாட்டியம்மா போன வருஷம் குடுத்த ஆப்பிள் ஜாம் ஒரு பாட்டிலை அந்த நண்பருக்குக் குடுத்தேன். "பொய்ப் பண்டிகை ஜாம் பரவாயில்லையே, இன்னொண்ணு கிடைக்குமா?"ங்கிறார் :-)