கன்னு வீசின மாட்டை மறைக்க வேண்டாம், மறைக்க வைக்காதே!

நோணாங்குப்பம் விவசாயிகளே! கறவை மாடு வைத்துக் குடும்பம் நடத்தும் தாய்மார்களே!

ஏழு, எட்டு மாதச் சினையில் மாடு கன்னு வீசுகிறது. நஞ்சுக்கொடி விழவில்லை. வெறுங்கையை விட்டு இழுத்துப் போடுகிறோம். செத்த கன்றைச் சுண்ணாம்பாற்று ஓரம் வீசிவிட்டு வருகிறோம். சில வாரம் போனால் வீட்டில் ஒருத்தருக்குக் காய்ச்சல். விட்டு விட்டு வருது, ராத்திரி வேர்த்துக் கொட்டுது, இடுப்பும் மூட்டும் கழண்டு போகுது. டைபாய்டு என்கிறார்கள், வாதம் என்கிறார்கள். "வீட்ல மாடு இருக்கா, கன்னு வீசிச்சா?" என்று கேட்க ஆளில்லை.

இதுதான் புருசெல்லோசிஸ் என்னும் கன்று வீச்சு நோய். 1887-லேயே மால்டா தீவில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் கண்டுபிடித்த கிருமி. நஞ்சுக்கொடியிலும் பச்சைப் பாலிலும் இருக்கிறது. மனுசனுக்குத் தடுப்பூசி கிடையாது. கண்டுபிடித்துவிட்டால் இரண்டு மருந்து சேர்த்து ஆறு வாரம் சாப்பிட்டுக் குணமாக்கலாம். காய்ச்சிய பால் குடிக்கிறவர் தப்பிக்கலாம். கொட்டகையில் கைவிட்டு வேலை செய்கிறவள் எப்படித் தப்புவாள்?

மாட்டுக்கு ஊசி இருக்கிறது. கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே தடவை. 2019-ல் மத்திய அரசு கோமாரிக்கும் இதற்கும் சேர்த்து 12,000 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் போட்டது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: கன்றுக்கு இருப்பது நாலே மாத அவகாசம். வருசத்துக்கு ஒரு தடவை முகாம் போட்டால் பாதிக்கு மேல் தவறிப்போகும். மூணு தடவையாவது வரணும். படகுத்துறைக்கு வர்ற கார்களை எண்ணத் தெரிந்தவர்களுக்கு நம்ம கிடேரிகளை எண்ணத் தெரியாதா?

2009-ம் வருசச் சட்டப்படி இந்த நோய் என்று சந்தேகம் வந்தாலே நாம் தகவல் சொல்லியாக வேண்டும். சொன்னால் பால் நிக்கும், சோறு நிக்கும். அதனால்தான் சந்தையில் தள்ளிவிடுகிறோம். அது தப்புதான், அடுத்த ஊர்க் கொட்டகைக்கு நோயை விற்கிறோம். 2006-ல் மகாராஷ்டிரா நவாப்பூரில் பறவைக் காய்ச்சலுக்காகக் கோழிகளை அழித்தபோது இழப்பீடு கொடுத்தார்கள். கோழிப் பண்ணைக்கு உண்டென்றால் ஒத்தை மாட்டுக்காரிக்கும் உண்டு.

குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டில் ஜிப்மர். இரண்டும் நம்ம புதுச்சேரியிலேயே இருக்கின்றன. மாட்டு ரத்தத்தையும் மாட்டுக்காரர் ரத்தத்தையும் ஒரே முகாமில் இலவசமாகச் சோதிக்கச் சொல்கிறோம்.

அதுவரை கையுறை இல்லாமல் நஞ்சுக்கொடியைத் தொடாதீங்க. சுண்ணாம்பு போட்டு ஆழமாய்ப் புதைங்க. கன்னு வீசின மாடு வைத்திருப்பவர்கள் சங்கத்தில் பேர் கொடுங்க. மொத்தமாக மனு கொடுப்போம்.