தாஷ்கண்ட் பக்கம்தான், வானம்தான் மூடிக்கிடக்கிறது

தில்லியிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,760 கி.மீ. அதே தில்லியிலிருந்து உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டுக்குச் சுமார் 1,600 கி.மீ.தான். தில்லிவாசிக்குச் சென்னையைவிடத் தாஷ்கண்ட் பக்கம். நேர்வழியில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்.

அந்த நேர்வழி பாகிஸ்தான் வானத்தின் ஊடாகச் செல்கிறது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 அப்பாவி உயிர்கள் பறிக்கப்பட்டன. இரு நாட்டு உறவும் சீர்குலைந்தது. ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. 30ஆம் தேதி இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. ஒரு மாதத்துக்கு என்று தொடங்கிய தடை, பின்னர் மாதாமாதம் நீண்டது.

பாகிஸ்தானைத் தவிர்த்துச் செல்ல வேண்டுமானால் தெற்கே அரபிக்கடலுக்கு இறங்கி, ஈரான், துர்க்மெனிஸ்தான் வழியாகச் சுற்ற வேண்டும். தூரம் இருமடங்கைத் தாண்டிவிடும். தன்னிடமுள்ள விமானங்களால் அவ்வளவு தூரம் பறக்க முடியாது என்று கூறி, அந்த ஏப்ரல் இறுதியிலேயே தாஷ்கண்ட், அல்மாட்டி சேவைகளை இண்டிகோ ரத்து செய்தது.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாகிஸ்தானின் தடை இந்திய விமானங்களுக்கு மட்டுமே. வேறு நாட்டு விமானம் அதே வானத்தில் தாராளமாகப் பறக்கலாம். ஆக, பயண நேரத்தை முடிவு செய்வது பூமியின் தூரமல்ல, விமானம் எந்த நாட்டுடையது என்பதே. சேவை குறைந்தால் இருக்கை குறையும், கட்டணம் ஏறும். அந்தச் சுமை உஸ்பெகிஸ்தானில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளின் பெற்றோர் மீதும், சிகிச்சைக்காகத் தில்லி வரும் உஸ்பெக் நோயாளிகள் மீதும், சமர்கந்து அருகே அடங்கியுள்ள இமாம் புகாரி (ரஹ்) அவர்களை ஜியாரத் செய்யச் செல்வோர் மீதும் விழுகிறது.

இது முதல் முறையுமல்ல. 2019 பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரையும் பாகிஸ்தான் வானம் மூடிக்கிடந்தது. அதில் ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. அன்று ஏர் இந்தியா அரசு நிறுவனம். அது மக்கள் பணம்.

1965 போருக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரியும் அயூப் கானும் 1966 ஜனவரி 10 அன்று சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது இதே தாஷ்கண்டில்தான். முழுப் போர் நடத்திய இரு நாடுகளே அன்று உட்கார்ந்து பேசின. இன்று அந்த ஊருக்குப் போகும் பாதையையே அவற்றின் பகை அடைத்து நிற்கிறது.

பயங்கரவாதம் செய்தவன் தண்டிக்கப்பட வேண்டும். அதில் இரு கருத்து இல்லை. ஆனால் வானத்தை மூடுவதால் கொலைகாரனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தண்டனை பயணிக்கே. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்பித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். வான்பாதைக்கும் அந்தப் போதனை பொருந்தும். வேறு எதைப் பேச முடியாவிட்டாலும், பயணிகள் விமானங்களுக்கு வழிவிடுவது பற்றியாவது இரு அரசுகளும் பேச வேண்டும்.

அல்லாஹ் இரு நாட்டு மக்களுக்கும் அமைதியைத் தருவானாக.