பழைய வேகக் கார் வாங்கலாமா?

திருப்பதியில் அலுவல் பார்க்கும் சங்க அன்பர் ஒருவர், வியாபாரியிடம் விலைக்கு நிற்கும் தமிழ்நாட்டுப் பதிவுள்ள போலோ ஜிடி டிஎஸ்ஐ காரை வாங்கலாமா என்று வினவியுள்ளார். வயது முதிர்ந்த பெற்றோரைச் சித்தூருக்கும் மாதந்தோறும் திருமலைக்கும் அழைத்துச் செல்ல வேண்டுமாம்.

2013இல் விற்பனைக்கு வந்த இக்காரின் 1.2 லிட்டர் எஞ்சின் 105 குதிரைசக்தி உடையது, அதில் குறையில்லை. கவலையெல்லாம் ஏழு கியர் கொண்ட தானியங்கிப் பெட்டியைப் பற்றியதே. அதன் இரட்டைக் கிளட்சுகள் எண்ணெயில் அமிழாதவை. நின்று நின்று ஊர்ந்தால் சூடேறித் தேயும். இவ்வகைப் பெட்டியின் கோளாற்றால் 2013இல் வோக்ஸ்வாகன் நிறுவனம் சீனாவில் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. பிரம்மோற்சவ காலத்தில் அலிபிரிச் சோதனைச் சாவடியில் வாகனங்கள் ஊரும் அழகை நம்மவர் அறிவர். மலைப்பாதையிலோ, இன்ன நேரத்துக்குக் குறைவாக ஏறி இறங்கலாகாது என்றே விதித்திருக்கிறார்கள். வேகத்துக்கு அங்கே ஏது வேலை? ரயில்வே குமாஸ்தா காரைப் பழிக்கிறான் என்று எண்ண வேண்டாம். வண்டி நன்கு சூடேறியபின் மேட்டில் நிறுத்தி, மெல்ல நகர்த்திப் பார்க்கட்டும். உதறினால் விலையே பேச வேண்டாம்.

காகிதங்களும் உண்டு. வியாபாரிக்கு 2023 ஏப்ரல் முதல் ஆர்.டி.ஓ. வழங்கும் அதிகாரச் சான்று அவசியம். பதிவு செய்த தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்றைக் கண்ணால் காணுமுன் முன்பணம் தரலாகாது. 12 மாதங்களுக்குமேல் இங்கே வைத்திருந்தால் ஆந்திரப் பதிவும் ஆயுள் வரியும் வேண்டும். அதையும் விலையோடு கூட்டிப் பார்க்கட்டும்.

2020இல் வந்த 1.0 லிட்டர் வண்டியில் பெட்டி வேறு வகை. அது கிடைக்கும்வரை அன்பர் பொறுத்திருப்பதே நமது அபிப்பிராயம்.