தூக்க மாத்திரை இல்லையாம், சும்மா மாத்திரையாம்

"இது தூக்க மாத்திரை இல்ல சார், சப்ளிமென்ட். பயப்படாம போடலாம்."

போன வருஷம் மெடிக்கல் ஷாப்பில் கேட்ட வாக்கியம். டப்பாவுக்குள் ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு கரடிக்குட்டி வடிவத்தில் மெலடோனின் மிட்டாய்கள். வாங்கியவன் நான்தான். அதற்கு முன் மெக்னீசியம், அதற்கும் முன் ஜாதிக்காய்ப் பால். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்க என் தூக்கத்துக்காக ஒதுக்கப்பட்டிருந்தது.

சீட்டில்லாமல் கிடைப்பது கெடுதல் செய்யாது, உடம்பிலும் மண்ணிலும் இருப்பதுதான், பழக்கமாகாது, வேலையும் செய்கிறது: ஊரே நம்பும் நான்கு வாதங்கள் இவை. தூக்கத்துக்கு விழுங்கும் ஆல்பிரசோலம் போன்றவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, சீட்டோடு விற்றாலும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014இல் விதி இறுகியது. அவற்றுக்குப் பயப்படுகிறவர்கள் சாய்ந்துகொள்ளும் சுவர் இந்த நான்கும். நானும் சாய்ந்திருந்தேன்.

முதலில், கெடுதல் செய்யாது என்பது. இரவில் பால் குடித்தால் தூக்கம் வரும் என்பதற்குப் படித்தவர்கள் சொல்லும் காரணம் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். பாலில் இருப்பதுதானே என்று அமெரிக்கர்கள் அதையே தனியாக மாத்திரையாக்கித் தூக்கத்துக்கு விழுங்கினார்கள். 1989 இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோவில் சில பெண்கள் தாங்க முடியாத தசைவலியோடு மருத்துவர்களிடம் வந்தார்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. விசாரித்தால், எல்லோர் வீட்டிலும் அந்த டப்பா. 1,500க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலான டப்பாக்களின் மூலம் ஒரே ஜப்பானியத் தொழிற்சாலை. தயாரிப்பில் கலந்த மாசுதான் காரணம், டிரிப்டோஃபான் அல்ல என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இருக்கட்டும். விற்பனைக்கு வருமுன் அந்த மாசை யாரும் தேடவில்லையே.

பாடம் படித்தார்களா? 1994இல் அமெரிக்கா போட்ட சட்டப்படி, சப்ளிமென்ட்டை விற்க முன் அனுமதி தேவையில்லை. 2023இல் அங்கே விற்ற 25 வகை மெலடோனின் மிட்டாய்களை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோது 22 வகைகளில் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மூன்று மடங்குக்கும் மேல். இன்னொன்றில் மெலடோனினே இல்லை. நம் ஊரிலும் இந்த ரகம் பெரும்பாலும் மருந்துச் சட்டத்தின் கீழ் வராது, உணவுப் பாதுகாப்பு விதிகளின் கீழ்தான் வரும். என் மெக்னீசியம் டப்பாவின் முதுகில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அதை நான் படித்தது டப்பா காலியான பிறகு.

அடுத்தது, "நம்ம உடம்புல சுரக்கிறதுதானே?" உண்மைதான். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் மாட்டுப் பீனியல் சுரப்பிகளிலிருந்து மெலடோனினைப் பிரித்தெடுத்தவர் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர். அவர் தேடியது தோலின் நிறத்தை மாற்றும் பொருளை, தூக்கத்தை அல்ல. இருட்டிவிட்டது என்று உடம்புக்கு அறிவிப்பதுதான் மெலடோனினின் வேலை. பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவரைப் போல. மணி அடித்தால் பிள்ளைகள் வகுப்புக்கு வருவார்கள். உட்கார வைத்துப் பாடம் நடத்த வேறு ஆள் வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போய் இறங்கும் தாத்தா பாட்டிக்கு அது உதவும், ஏனென்றால் அவர்களுக்குக் கெட்டுப்போயிருப்பது மணிதான். நேற்றும் இன்றும் அதே கட்டிலில் புரளும் எனக்கு? 19 ஆய்வுகளையும் 1,683 பேரையும் ஒன்று சேர்த்து 2013இல் கணக்குப் பார்த்தார்கள். ஏழு நிமிஷம் முன்னதாகத் தூக்கம் வந்தது, மொத்தத் தூக்கம் எட்டு நிமிஷம் கூடியது. ஏழு நிமிஷம், கொசுவர்த்திச் சுருள் தேடும் நேரம்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது மெலடோனின் அல்ல, சளி மாத்திரை.

அப்பாவுக்கு வயது 74. ராத்திரி இரண்டு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்றார். ஜலதோஷத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்த மாத்திரையில் நன்றாகத் தூங்கினாராம். "டேய், அந்த மஞ்ச மாத்திரை ஒரு அட்டை வாங்கிட்டு வாடா, சளிக்குன்னு கேளு, குடுப்பான்." கொடுத்தான். மூன்று வாரம் ஓடியது. ஒன்று இரண்டாகியிருந்தது. ஒருநாள் காலையில் பால் வாங்கப் போனவர் வாசற்படியில் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் காய்கிறது என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்; சிறுநீரோ சொட்டுச் சொட்டாக வந்தது. வயசு என்று நினைத்துக்கொண்டோம்.

சளி மாத்திரைகள் பலவற்றில் இருப்பது குளோர்பெனிரமைன். இருமல் சிரப்புகள் சிலவற்றிலும் அமெரிக்கர்கள் கடையில் வாங்கும் தூக்க மாத்திரைகளிலும் இருப்பது டைஃபென்ஹைட்ரமின். இரண்டும் பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள். மூளைக்குள் நுழைந்து ஹிஸ்டமினைத் தடுப்பதால் மயக்கம் வருகிறது. அதோடு நிற்காமல் அசிட்டைல்கோலினையும் தடுப்பதால் வாய் காய்கிறது, மலம் கட்டுகிறது, புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடைக்கிறது, நிதானம் குலைகிறது. குளோர்பெனிரமைன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். ராத்திரி பத்துக்குப் போட்டது மறுநாள் காலை ஆறரைக்குப் பால் வாங்கக் கூடவே வருகிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வைத்திருக்கும் பட்டியலில் இந்த இரண்டும் உண்டு. சியாட்டிலில் 3,434 முதியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், இந்த ரக மருந்துகளை நெடுநாள் எடுத்தவர்களுக்கு மறதி நோய் கூடுதலாக வந்திருந்தது. மருந்துதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அப்பாவின் அட்டையைப் பிடுங்க எனக்கு அதுவே போதும்.

பழக்கமாகாது என்பதும் இங்கேயே விழுந்துவிடுகிறது. ஆரோக்கியமான ஆண்களுக்கு டைஃபென்ஹைட்ரமினைத் தினம் இரண்டு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நாள் சொக்கிப்போனவர்களுக்கு நான்காம் நாள் அந்த மருந்தும் வெற்று மாத்திரையும் ஒன்றாகிவிட்டன. ஒன்று இரண்டானது அப்பாவின் பேராசையால் அல்ல.

மண்ணில் விளையும் மூலிகை பற்றி நிறையப் பேசலாம்; சண்டைதான் வரும். அமுக்கராக்கிழங்கின் தாவரவியல் பெயரிலேயே தூக்கம் இருக்கிறது, சோம்னிஃபெரா. சில ஆய்வுகளில் சிறு பலனும் தெரிகிறது. அதே கிழங்கின் மாத்திரைகளைத் தின்று மஞ்சள் காமாலையோடு வந்தவர்களைப் பற்றி 2020இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். 2023இல் டென்மார்க் அதைத் தடையே செய்தது. சித்த மருத்துவர் நாடி பார்த்து, இத்தனை நாள் என்று சொல்லிக் கொடுக்கும் சூரணம் வேறு, ஆன்லைனில் ஆஃபரில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரை வேறு.

கடைசியில் மிஞ்சுவது, "எனக்கு வேலை செஞ்சுதே." இதுதான் பலமான வாதம், நானும் இதில்தான் விழுந்தேன். ஆனால் டப்பாவை எந்த நாளில் வாங்குகிறோம்? மூன்று ராத்திரி சேர்ந்தாற்போல் தூங்காத நாளில். நான்காம் ராத்திரி அலுப்பிலேயே கண் சொக்கும். பெயரைத் தட்டிக்கொண்டு போவது கரடிக்குட்டி. போதாக்குறைக்கு, மாத்திரை போட்ட அன்று எட்டரைக்கே போனைத் தள்ளி வைத்தேன், சாயங்காலக் காபியையும் விட்டேன். காபியின் வீரியம் பாதியாகவே ஐந்து மணி நேரம் ஆகும். அதற்கான நன்றியும் கரடிக்குட்டிக்கே போனது.

அப்பாவை முதியோர் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மருந்துச் சீட்டு எழுதுமுன் அவர் கேட்டது, "ஐயா, எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?"

"எட்டு, எட்டேகால். சீரியல் எனக்குப் பிடிக்காது."

"எந்திரிக்கிறது?"

"ரெண்டேகாலுக்கு முழிச்சா அவ்வளவுதான். அப்படியே படுத்துக் கெடப்பேன்."

அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஆறு மணி நேரம். பகலில் ஈஸிசேரில் தூங்கும் ஒரு மணியையும் கூட்டினால் ஏழு. அதற்கு மேல் கேட்டால் உடம்பு எங்கிருந்து கொடுக்கும் என்றார். மத்தியானத் தூக்கம் வேண்டாம், பத்தரைக்கு முன் கட்டிலுக்கே போக வேண்டாம், விழிப்பு வந்தால் எழுந்து வெளியே உட்காருங்கள் என்று மூன்றே சொன்னார். மாத்திரையின்றித் தூக்கத்தைச் சரிசெய்யும் சிகிச்சை முறையின் அடிப்படைகள் இவை. 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, தூக்கமின்மைக்கு முதலில் அந்தச் சிகிச்சை, பிறகுதான் மருந்து என்று வழிகாட்டியது.

முதல் பத்து நாள் நரகம். எட்டு மணியிலிருந்து பத்தரை வரை அப்பாவை விழிக்க வைப்பது எங்கள் வேலையாயிற்று. பிடிக்காத சீரியலுக்குக் கதை கேட்க ஆரம்பித்தார். இப்போது நாலரை வரை தூங்குகிறார். ஒருநாள் கண்ணாடி துடைக்கத் துணி தேடி அப்பாவின் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். மடித்த அட்டையில் நான்கு மஞ்சள் மாத்திரைகள்.

"சளி பிடிச்சா வேணும்ல," என்றார்.