குறட்டைக்கு எது வைத்தியம்?

அரியலூர் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பெரம்பலூர் வழியாகச் செல்லும் சென்னை-திருச்சி சாலையும் இரவில் உறங்குவதில்லை. லாரி ஓட்டுபவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா என்று சோதிக்கிறார்கள். விடியற்காலையில் அந்தக் கண் திறந்திருக்குமா?

"அவருக்கு நல்ல தூக்கம், குறட்டை விடுகிறார்" என்று வீட்டில் சொல்வார்கள். கும்பகர்ணன் என்று கேலியும் செய்வார்கள். சிலருக்கு அது தூக்கமே அல்ல!

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, மூச்சுப் பாதை அடைபடுகிறது. பத்து விநாடியோ, அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. பிறகு திணறிக்கொண்டு வருகிறது. இதை 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள் டாக்டர்கள். மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் நோய் கடுமை. பகலில் கண் சொக்கும். ரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொள்ளும்.

நோயாளிக்கு இது தெரியாது. மனைவிக்குத்தான் தெரியும். டாக்டரிடம் அவரும் கூடப் போவது நல்லது.

மூக்கு மூடி

ஒரு காலத்தில் நோய் கடுமையானால் கழுத்தில் துளை போட்டார்கள். 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் வேறு வழி கண்டார். மூக்கில் ஒரு மூடி. அதன் வழியாக எந்திரம் காற்றை ஊதும். காற்று அடித்த சைக்கிள் டியூப் ஒட்டாமல் நிற்பதுபோல் தொண்டை திறந்தே நிற்கும்.

கடுமையான நோய்க்கு இதுவே முதல் வைத்தியம். ஆனால் தினமும் போடவேண்டும். பலர் நாலு நாள் போட்டுவிட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். மூடி பொருந்தவில்லை என்றால் மூடியை மாற்றவேண்டும், வைத்தியத்தை அல்ல!

நோய் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், பல் டாக்டர் செய்து தரும் கருவி போதலாம். அது கீழ்த் தாடையை முன்னே இழுத்து வைக்கும். எந்திரம் அளவுக்கு வேலை செய்யாது. ஆனால் மின்சாரம் வேண்டாம். சட்டைப் பையில் அடங்கும். லாரியிலேயே தூங்குகிறவருக்கு அது பெரிய சௌகரியம்.

குழந்தைகளுக்கு டான்சில் ஆபரேஷன் பெரும்பாலும் குணம் தரும். பெரியவர்களுக்கு அப்படி நம்பி முதலிலேயே கத்திக்குப் போகக்கூடாது. உடல் பருத்தவர் எடை குறைத்தால் நோய் தணியும். இதற்கென டிர்செபடைடு ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. விலைதான் ஏழைக்கு எட்டாது. இரவில் மதுவை விடுவதற்குச் செலவே இல்லை.

வேலை போகுமா?

அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. லாரி டிரைவர்களுக்கு அங்கே இலவசத் தூக்கச் சோதனை நடக்கவேண்டும். எந்திரம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கவேண்டும். செலவில் ஒரு பங்கை ஆலைகள் ஏற்பது நியாயம்.

அதற்கு முன்பு ஒன்று. நோய் என்று சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்த டிரைவரும் வாய் திறக்கமாட்டார். மூடி போட்டு ஒழுங்காகத் தூங்கி, டாக்டரிடம் சான்று வாங்கி வருகிறவரை வேலையை விட்டு நீக்கமாட்டோம் என்று லாரி முதலாளிகள் எழுதிக் கொடுக்கவேண்டும்.