மூன்று சொல்லில் முடிந்துபோன சாட்சியம்

பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளில் சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துப் பெண்கள் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம், அவர்கள் சொன்னதில் எவ்வளவு வெட்டுப்பட்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பல வருஷம் ஆலையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவன் நான். ஒரு விபத்தன்று ஆஸ்பத்திரி வாசலில் என் மதினியிடம் டிவிக்காரர் ஒருவர் மைக்கை நீட்டியபோது பக்கத்தில்தான் நின்றேன்.

"ஆபத்துன்னு தெரிஞ்சுதானம்மா போறீங்க?"

"தெரிஞ்சேதான் சார் போறோம். மானாவாரிக் காடு, மழை கிடையாது, வேற எங்க போறது? ரூமுக்கு நாலு பேருன்னு சட்டம். ஒம்போது பேரை உக்கார வச்சு, வாசல்லயும் சரக்கை அடுக்கிட்டா எந்திரிச்சு ஓட வழி எங்க இருக்கு? கேட்டா, நாளைக்கு வராதங்கிறாரு குத்தகைக்காரரு."

ராத்திரிச் செய்தியில் வந்தவை முதல் மூன்று சொற்கள். கீழே ஓடிய வரி: 'அலட்சியத்தால் பறிபோகும் உயிர்கள்'. மதினியின் மகன் அதைத் திருப்பூரில் செல்போனில் பார்த்துவிட்டு, "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டான்.

மருந்து செலுத்துகிற ரூமில் ஒரு உராய்வு போதும், தீப்பிடிக்க. எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பது உள்ளே இருந்த ஆட்களின் எண்ணிக்கையையும் வாசலையும் பொறுத்தது. மதினி சொன்னது அதைத்தான். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை விபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில், வேலை நடத்தியவர்கள் வேறு ஆட்கள் என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது. இந்த உள்குத்தகை விவகாரம் இங்கே டீக்கடையில் உட்காரும் எல்லோருக்கும் தெரியும். மைக் முன்னால் சொல்லவும் செய்கிறார்கள். ஒளிபரப்பாவதுதான் இல்லை.

தப்பாகக் காட்டியதைத் திருத்த ஆள் வந்ததும் உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்றில் மோதிக்கொண்டவர்கள் பீகார் தொழிலாளர்களே என்றும், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்றும் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து விசாரித்துப் போனது. அந்தப் பொய்யை மறுக்க இரண்டு அரசாங்கங்கள் இருந்தன. மதினிக்கு யார் வருவார்கள்?

செய்திச் சேனல்கள் தாங்களே அமைத்துக்கொண்ட முறையீட்டு அமைப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் முதலில் சேனலுக்கே புகார் எழுத வேண்டும். சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அந்தக் கெடு தாண்டிவிடும். அதை மூன்று மாதமாவது ஆக்க வேண்டும். செய்தியில் நேரம் இல்லை என்கிறார்கள். யூடியூபில் நேரத்துக்குப் பஞ்சமா? பேட்டியை வெட்டாமல் அங்கே போடட்டும். விசாரணைக்கு வரும் அதிகாரிகளும் அந்தப் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். ரூமில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அங்கே உட்கார்ந்து வேலை பார்த்த பெண்ணுக்குத்தான் தெரியும். ஆலைப் பதிவேட்டில் எப்போதும் நாலு பேர்தான் இருப்பார்கள்.